டோனட் கடையின் பின்கதவு

காலை ஐந்து மணிக்குக் கண்ணாடி அலமாரியில் டோனட் அடுக்கியிருக்க வேண்டுமென்றால், நள்ளிரவு ஒரு மணிக்கு மாவு பிசைய ஆரம்பித்தாக வேண்டும். ஈஸ்ட் போட்ட மாவு பொங்கி வர வேண்டும். அதைப் பரப்பி வட்டம் வெட்ட வேண்டும். வெட்டியது இன்னொரு முறை உப்ப வேண்டும். பிறகுதான் எண்ணெய்ச் சட்டி, கடைசியில் சர்க்கரைப் பாகு. அவசரப்படுத்தினால் பல்லுக்குத்தான் கேடு. அந்த நான்கு மணி நேரமும் கடைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் மக்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தெற்குக் கலிபோர்னியாவில் முப்பது வருஷத்துக்கு மேல் நான் பிழைத்தது இந்த நான்கு மணி நேரத்தை வைத்துத்தான்.

என் தொழில் என்னவென்று ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. இங்கே 'பெர்மிட் எக்ஸ்பெடைட்டர்' என்பார்கள். கடை வைக்க நினைக்கிறவருக்காக நகராட்சியில் நடையாய் நடந்து அனுமதி வாங்கித் தருகிற ஆள். திருச்சியில் மாமாவிடம் விளக்கியபோது, "சுத்தி வளைக்காதடா, புரோக்கர்னு சொல்லு" என்றார். லஞ்சம் கொடுக்கிற வேலை இல்லை மாமா, விதிப் புத்தகம் படிக்கிற வேலை என்றேன். அவர் நம்பவில்லை. விதிப் புத்தகம் படிப்பதற்கு ஒருத்தன் காசு கொடுப்பானா என்று கேட்டார். கொடுப்பார்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்க நேரமில்லாத, படித்தாலும் மொழி பிடிபடாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த மண்ணில் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சின்னக் கட்டட வரைவாளர் அலுவலகத்தில் படம் வரைகிற ஆளாகச் சேர்ந்தேன். வந்த வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி கம்போடியர்கள். தெற்குக் கலிபோர்னியாவில் தனியார் டோனட் கடை என்றாலே கம்போடியக் குடும்பம் என்று ஆகிவிட்டிருந்தது. அதற்குக் காரணமானவர் டெட் நோய். 1975இல் கெமர் ரூஜ் படை கம்போடியாவைப் பிடித்தபோது அகதியாக வந்தவர், வின்செல்ஸ் டோனட் கம்பெனியின் கடையில் தொழில் கற்று, லா ஹாப்ராவில் 'கிறிஸ்டிஸ்' என்ற கடையை வாங்கினார். பிறகு கடைக்கு மேல் கடையாக வாங்கி, தன்னைப் போல வந்து இறங்கியவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். சூதாட்டத்தில் அத்தனையையும் தொலைத்தார் என்பது பின்கதை. 2020இல் அவரைப் பற்றி 'த டோனட் கிங்' என்று ஆவணப்படம்கூட வந்தது. அவர் தொலைத்தாலும் அவர் போட்ட பாதை தொலையவில்லை. அம்மா கல்லாவில், அப்பா எண்ணெய்ச் சட்டியில், பிள்ளை மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். நான் படம் வரைந்த கடைகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன.

அந்தக் கடைகள் இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் தெருமுனை பெட்ரோல் பங்குகள் பல மூடிப்போயின. அந்த மூலை மனைகளில் 'மினி மால்' என்று எல் வடிவக் கட்டடங்கள் முளைத்தன. ஒரு சலவைக் கடை, ஒரு மதுக் கடை, நகத்துக்குச் சாயம் பூசும் கடை, ஒரு டோனட் கடை. முன்னால் கார் நிறுத்துமிடம், பின்னால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் வீடு. குடியிருப்போருக்கு இது பிடிக்கவில்லை. எண்பதுகளின் இறுதியில் நகரம் இந்த மூலைக் கடைகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. வீட்டு மனையை ஒட்டியோ, சந்துக்கோ தெருவுக்கோ அந்தப் பக்கம் வீட்டு மனை இருந்தாலோ, காலை 7 முதல் இரவு 11 வரைதான் வியாபாரம். அதற்கு வெளியே திறக்க வேண்டுமென்றால் 'கண்டிஷனல் யூஸ் பெர்மிட்' வாங்க வேண்டும். நாங்கள் 'சியூபி' என்போம். நடத்திக்கொள், ஆனால் நான் சொல்கிறபடி நடத்து என்று நகரம் கொடுக்கும் அனுமதி அது.

டோனட் கடைக்காரருக்குக் காலை 7 மணி என்பது பாதி வியாபாரம் முடிந்த நேரம். கட்டட வேலைக்குப் போகிறவரும், இரவு ஷிப்டு முடிந்து வருகிற நர்ஸும், பஸ் ஓட்டுகிறவரும் ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில் வருவார்கள். ஆகவே சியூபி இல்லாமல் டோனட் கடை இல்லை.

ஆரம்ப காலத்தில் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்த கேள்வி ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மாவு பிசைவது வியாபார நேரத்தில் சேருமா? ஒரு நகராட்சியில் கவுண்டரில் இருந்த இளம் திட்ட அதிகாரி, "வாடிக்கையாளர் இல்லையே, அது வியாபாரம் ஆகாது" என்றார். அடுத்த வாரம் அதே கவுண்டரில் வேறொருவர், "ஆள் இருக்கிறார், இயந்திரம் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, பின் என்ன?" என்றார். இரண்டு பேரும் ஒரே பத்தியை விரலால் தொட்டுக் காட்டித்தான் சொன்னார்கள். கவுண்டரில் வாயால் சொல்லும் பதிலுக்கு எந்த மதிப்பும் கிடையாது. அன்றிலிருந்து எந்தக் கேள்வியானாலும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் நான் வீடு திரும்பியதில்லை.

அடுத்த சிக்கல் எண்ணெய். விண்ணப்பத்தில் எல்லோரும் 'பேக்கரி' என்றுதான் எழுதுவார்கள். ஜோனிங், அதாவது எந்த மனையில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று வகுக்கும் விதி, அந்தப் புத்தகத்திலும் 'சில்லறை பேக்கரி' என்ற வரிக்குக் கீழேதான் டோனட் வந்து விழும். சிறு வணிகப் பகுதியில் அதற்கு இடமுண்டு. ஆனால் டோனட்டில் பெரும்பாலானவை ஓவனில் வேகிறவை இல்லை, பொரிக்கிறவை. ஓவன் மட்டும் வைத்தால் மேலே சூடும் ஆவியும் போக ஒரு சாதாரண மூடி போதும். பொரிக்கும் பிரையர் வந்தால் 'டைப் ஒன் ஹூட்' கட்டாயம். துருப்பிடிக்காத எஃகு மூடி, தீப்பிடித்தால் தானாக மருந்து பீய்ச்சும் குழாய், எண்ணெய்ப் புகையை மேலே கொண்டுபோகப் பற்றவைத்து ஒட்டிய இரும்புக் குழல். கழிவுநீரில் கொழுப்பு போகாமல் பிடித்து வைக்க ஒரு தொட்டி. மாடியில் வீடு இருந்தால் அந்தக் குழல் அந்த வீட்டுக்குள் புகுந்துதான் கூரைக்குப் போக வேண்டும், அதைச் சுற்றித் தீத்தாங்கும் சுவர் எழுப்ப வேண்டும். மாடி வீட்டுக்காரரின் துணி அலமாரி போயிற்று. ஜோனிங்கில் மூன்றே வரியில் முடிந்த அனுமதி, இந்தக் குழல் எங்கே போகும் என்ற கேள்வியில் மாதக்கணக்கில் தொங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டட உரிமையாளர் கூரையில் ஓட்டை போட விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பார். கடைக்காரர் லீஸில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பார்.

இதனால்தான் பெரிய சங்கிலிக் கடைகள் பல ஏதோ ஒரு தொழிற்பேட்டையில் மொத்தமாகச் செய்து, விடிவதற்கு முன் லாரியில் கொண்டுவந்து இறக்குகின்றன. அவர்கள் கடையில் பிரையர் இல்லை, ஹூட் இல்லை, துணிக்கடைக்கு ஆகிற அனுமதியே கிட்டத்தட்டப் போதும். தெருமுனையில் கண்ணெதிரே பொரித்துக் கொடுக்கிற ஏழைக்குத்தான் இத்தனை பாடு. லாரி நாலு மணிக்குப் போடும் ரிவர்ஸ் கூச்சலுக்கு என்ன கணக்கு என்று கேட்டால், அது வேறு விதி.

'சில்லறை' என்ற ஒரு சொல்லில் எத்தனை கடைகள் மாட்டின! அங்கேயே செய்து அங்கேயே விற்றால் சில்லறை. செய்து வெளியே அனுப்பினால் மொத்தம், அதாவது உற்பத்தி, அதற்கு இடம் தொழிற்பேட்டை. என் வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்து பெட்ரோல் பங்கு இரண்டுக்கும் ஒரு தேவாலயத்துக்கும் டஜன் கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தார். சந்துக்கு எதிர்வீட்டுக்காரர் அந்த வேன் வருவதையும் போவதையும் தேதி போட்டுப் படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்பிவிட்டார். நகரம் கடையை மூடச் சொல்லவில்லை, வேனை நிறுத்தச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும், தேவாலயத்தார் தாங்களே காரில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வாடிக்கையாளர் வந்து வாங்கிப் போனால் அது சில்லறைதானே! விதி திருப்தி அடைந்தது. டோனட் என்னவோ அதே டோனட்தான்.

நான் செய்த வேலைகளில் இன்றும் நினைத்துப் பார்ப்பது ஒரு பின்கதவு விவகாரம். ஊர்ப் பெயர் வேண்டாம். கடைக்காரம்மா ஐம்பதைத் தாண்டியவர். அவர்கள் வழக்கப்படி நான் 'மிங்' என்று கூப்பிடுவேன், நம் சித்தி மாதிரி. சியூபி வாங்கிப் பல வருஷம் ஒழுங்காக நடந்த கடை. திடீரென்று சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து புகார் மேல் புகார். நாற்றம், எலி, சத்தம், வெளிச்சம் என்று பட்டியல். அனுமதியை ரத்து செய்யலாமா என்று விசாரணைக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். அனுமதியில் தெளிவாக ஒரு நிபந்தனை இருந்தது: இரவு 11 முதல் காலை 7 வரை பின்கதவு சாத்தியிருக்க வேண்டும்.

"மிங், கதவைச் சாத்தினால் வழக்கு முடிந்தது. ஏன் சாத்தவில்லை?" என்றேன்.

"நீ ஒரு ராத்திரி வந்து உள்ளே நில்லு. அப்புறம் பேசு."

போனேன், இரவு இரண்டரை மணிக்கு. பின்கதவை ஐம்பது பவுண்டு கொழுப்புப் பெட்டி ஒன்று திறந்தபடி பிடித்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் கெமர் பாட்டு. மாவு இயந்திரத்தின் உறுமல், எஃகுப் பாத்திரம் தரையில் இழுபடும் சத்தம், குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சம் எல்லாம் நேரே சந்தைத் தாண்டி அந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் போய் விழுந்தன. பெட்டியை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் முன்கதவு இடுக்கில் விசில் மாதிரி காற்று ஊதியது. மிங்கின் மகன் வெளியே குப்பை கொட்டப் போக முன்கதவைத் தள்ளினான், திறக்கவில்லை. காலை ஊன்றித் தள்ளிய பிறகுதான் திறந்தது. சட்டிக்கு மேலே போக வேண்டிய புகை மூடிக்கு வெளியே வழிந்து கண்ணைக் கரித்தது.

ஹூட் விசிறி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதே அளவுக் காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். அதற்கென்று கூரைமேல் 'மேக்கப் ஏர்' என்று இன்னொரு விசிறி வைக்கச் சொல்வது இயந்திர விதி. கூரைக்கு ஏறிப் பார்த்தேன். விசிறி இருந்தது, ஒயர் கழற்றிக் கிடந்தது. எப்போதோ பழுதானதை யாரோ அப்படியே விட்டுவிட்டார்கள். காற்று வர வேறு வழியில்லாததால் பின்கதவைத் திறந்து வைத்தார்கள். கதவு திறந்ததால் பாட்டும் வெளிச்சமும் வெளியே போயின. நாற்றமும் எலியும் அந்த அம்மா கோபத்தில் சேர்த்துக்கொண்டவை. ஜோனிங் அதிகாரிக்கு விசிறி தெரியாது. கட்டட இன்ஸ்பெக்டருக்கு வழக்கு தெரியாது. இரண்டு துறையும் ஒரே மாடியில்தான் இருந்தன.

விசிறியைச் சரிசெய்து, ஹூட் ஓடினால் அதுவும் தானாக ஓடும்படி இணைத்தோம். கதவைச் சாத்தினோம். விசாரணைக்கு முன்னால் எதிர்வீட்டம்மாவை ஒரு விடியற்காலை அவர் ஜன்னலருகே நின்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். விசாரணையில் அவரே எழுந்து, "இப்போது பரவாயில்லை. ஆனால் என் போன் நம்பரை அவர்கள் வைத்திருக்க வேண்டும், அவர்கள் நம்பர் என்னிடம் இருக்க வேண்டும்" என்றார். அது புது நிபந்தனையாகச் சேர்ந்தது. நான் பார்த்ததிலேயே உருப்படியான நிபந்தனை அதுதான். அதன் பிறகு என் எல்லா விண்ணப்பத்திலும் அதை நானே முதலில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

விசாரணை என்று சொல்லிவிட்டேன். அது எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மனையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் சொத்து உள்ள எல்லோருக்கும் தபாலில் அறிவிப்பு போக வேண்டும். மாநிலச் சட்டம் குறைந்தது 300 அடி என்கிறது, லாஸ் ஏஞ்சலஸ் சியூபிக்கு 500 அடி என்று வைத்திருந்தது. அந்தக் காலத்தில் வரி அலுவலக வரைபடத்தை நகல் எடுத்து, ஒட்டி, காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, உள்ளே விழும் ஒவ்வொரு மனைக்கும் பெயரும் விலாசமும் தேடி லேபிளில் டைப் அடிப்போம். ஒரு மனை விட்டுப்போனால் விசாரணையே செல்லாது என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். இப்போது கணினியில் ஒரு பொத்தான்.

விசாரணையில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிஷம். டோனட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பார்க்கிங் இல்லை என்பார்கள். வீடற்றவர்கள் வந்து உட்காருவார்கள் என்பார்கள். சர்க்கரை வாசனை குமட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், அதே வாசனைக்காகத்தான் இங்கே வீடு வாங்கினேன் என்று அடுத்தவர் சொல்வார். வெளியூர் ஆட்கள் கூடுவார்கள் என்று குரல் தாழ்த்திச் சொல்கிறவரும் உண்டு. ஒரு கூட்டத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை, "அந்த மாதிரி ஜனங்கள்" என்றே சொன்னார். தலைமை வகித்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "இந்த அனுமதி நிலத்துக்குத் தருவது. யார் நடத்துகிறார் என்பது என் முன்னால் இருக்கும் கேள்வி இல்லை" என்று சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. சியூபி நிலத்தோடு போகும். கடை கைமாறினாலும் அனுமதி அங்கேயே நிற்கும். ஆனால் இந்த ஜோனிங் பிறந்த கதையைப் படித்தவர்களுக்கு அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக இறங்காது. மாலை வகுப்பில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 1885இல் இதே கலிபோர்னியாவில் மொடெஸ்டோ ஊர், சலவைக் கடைகள் ரயில் பாதைக்கு மேற்கே, ஜி தெருவுக்குத் தெற்கே மட்டும் இருக்கலாம் என்று ஆணை போட்டது. அங்கேதான் சீனர்கள் குடியிருந்தார்கள். சலவைக் கடைகளை நடத்தியவர்களும் அவர்கள்தான். சான் பிரான்சிஸ்கோ மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி வேண்டும் என்றது. தீ ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். சீனர்கள் 200 பேர் விண்ணப்பித்தார்கள், எல்லோருக்கும் மறுப்பு. சீனர் அல்லாத 80 பேருக்கு அனுமதி கிடைத்தது. 1886இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பாரபட்சம் என்று அடித்துத் தள்ளியது. நாற்பது வருஷம் கழித்து, 1926இல், ஒஹாயோவின் யூக்ளிட் கிராமத்து வழக்கில் அதே நீதிமன்றம் ஊரை வீட்டுப் பகுதி, கடைப் பகுதி, ஆலைப் பகுதி என்று பிரிப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இப்படிப் பிரிப்பதை அமெரிக்கா முழுக்க இன்று 'யூக்ளிடியன்' ஜோனிங் என்று சொல்வது அந்தக் கிராமத்தின் பெயரால்தான்.

சூடு, நீராவி, இராப்பகலாக உழைக்கும் குடும்பம், வேற்று மொழி. அன்றைய சலவைக் கடைக்கும் பின்னாளைய டோனட் கடைக்கும் இடையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பார்க்கிங், வாசனை, பாதுகாப்பு என்று விசாரணையில் எழும் ஒவ்வொரு ஆட்சேபத்தையும் நான் இரண்டாகப் பிரித்துக் கேட்பேன். இதில் விசிறி வைத்துத் தீர்க்கக்கூடியது எது, தீர்க்கவே முடியாதது எது? முதலாவதற்கு நிபந்தனை எழுதிக் கொடுப்பேன். இரண்டாவதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். விசாரணைக்கு டோனட் பெட்டி கொண்டுபோகாதீர்கள். எல்லாப் புது வாடிக்கையாளரும் இளஞ்சிவப்புப் பெட்டியோடு வந்து நிற்பார்கள். அதிகாரிகளுக்குப் பரிசு என்று யாராவது எழுதிப் போட்டால் வம்பு. அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மாமா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

எதிர்ப்பெல்லாம் அண்டை வீட்டாரிடமிருந்துதான் வரும் என்று நினைத்துவிடக்கூடாது. ஒருமுறை அனுமதி கிடைத்த கையோடு மேல்முறையீடு வந்தது. அண்டை வீட்டார் மேல்முறையீடு செய்தால் கட்டணம் சொற்பம், அது நல்ல ஏற்பாடுதான். மனுதாரர் பெயரைப் பார்த்தால் அடுத்த தெருவாசி. அவர் யார் என்று விசாரித்தால் ஆறு தெரு தள்ளி ஏற்கெனவே டோனட் கடை வைத்திருப்பவரின் மைத்துனர். போட்டி என்பது ஜோனிங்கில் ஆட்சேபம் ஆகாது என்பதால் பார்க்கிங்கைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் தோற்றார். ஆனால் அதற்குள் புதுக் கடைக்காரர் திறக்காத கடைக்குப் பல மாத வாடகை கட்டியிருந்தார். போட்டிக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

பார்க்கிங் என்றால் ஒரு கணக்கு. லாஸ் ஏஞ்சலஸின் பழைய விதியில் சாதாரணக் கடைக்கு 250 சதுர அடிக்கு ஒரு கார் இடம், உணவகத்துக்கு 100 சதுர அடிக்கு ஒன்று. 1,200 சதுர அடியில் செருப்புக் கடை இருந்தால் ஐந்து இடம் போதும், அதே அறை உணவகமானால் பன்னிரண்டு. மூலை மனையில் ஏழு இடத்துக்கு எங்கே போவது? அதனால் கடைக்காரர் நாற்காலியை எடுத்துவிடுவார். உட்கார இடம் இல்லையென்றால் பல ஊர்களில் அது உணவகக் கணக்கில் வராது. வருஷக்கணக்காகக் காலையில் வந்து ஒரு காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் ஓய்வுபெற்ற கிழவர்கள் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்று பேசுவார்கள். சிலர் தேவாலயத்தோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு வாரநாளில் அவர்கள் பார்க்கிங்கைக் கடன் வாங்குவார்கள். நான் வரைந்த படங்களில் பாதி கார் நிறுத்தும் கோடுகள்தான்.

என் காலத்தில் நடந்த பெரிய மாற்றம் இதில்தான். மாநிலம் 'ஏபி 2097' என்று ஒரு சட்டம் போட்டது. 2023 ஜனவரி 1 முதல், முக்கியமான போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருந்தால் நகரங்கள் குறைந்தபட்ச பார்க்கிங் கேட்கக்கூடாது. முன்பு விசாரணை, தேவாலய ஒப்பந்தம், பொறியாளர் அறிக்கை என்று இழுத்த விஷயம் கவுண்டரில் முடிந்துபோயிற்று. நாற்காலிகள் திரும்பி வந்தன. என் வருமானத்தில் ஒரு பகுதி போய்விட்டது, போகட்டும். முப்பது வருஷத்தில் ஜோனிங்கில் நடந்த ஒரே நல்ல காரியம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கடையைப் பூட்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டுப் பகுதியாக மாறிப்போன தெருவில் பழைய கடை ஒன்று இருக்கும். விதி மாறுவதற்கு முன்பிருந்தே இருந்ததால் விட்டுவைத்திருப்பார்கள். ஆனால் தொடர்ந்து நடக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வருஷம் தொடர்ந்து மூடிக் கிடந்தால் அந்த உரிமை போய்விடும். ஒரு குடும்பத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, கடையை மூடி, பிள்ளைகள் விற்பதா நடத்துவதா என்று பேசிக்கொண்டே இருந்துவிட்டார்கள். வாங்க வந்தவர் என்னைக் கூப்பிட்டார். மின்சார ரசீதைப் பார்த்தேன். மீட்டர் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடவேயில்லை. கடையின் விலை பாதியாயிற்று, பிறகு விற்பனையே நின்றது. இப்போது அங்கே ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது.

பலகை விவகாரம் தனி. இங்கிள்வுட்டில் ராண்டிஸ் கடைக் கூரைமேல் நிற்கும் பிரம்மாண்ட டோனட் 1950களில் வைத்தது. இன்றைக்கு அதை வரைந்து கொண்டுபோனால் பெரும்பாலான ஊர்க் கவுண்டர்களில் படத்தை வாங்கிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் கான்வே ஊரில் லெவிட்ஸ் என்ற பேக்கரி. 2022இல் பள்ளி மாணவர்கள் கடை முகப்பில் ஓவியம் வரைந்தார்கள், சூரியன் உதிக்கும் மலைத்தொடர், ஆனால் மலைகள் எல்லாம் டோனட்டும் மஃபினும். டோனட் இருப்பதால் இது ஓவியமில்லை, விளம்பரப் பலகை, அளவு மீறியது, எடு என்றது ஊர். உண்மையான மலையை வரைந்திருந்தால் தொட்டிருக்கமாட்டார்கள். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம்வரை போய், 2025இல் பேக்கரி வென்றது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பு. மூன்று வருஷம்! எங்கள் தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பைச் சிரித்துக்கொண்டும் பல்லைக் கடித்துக்கொண்டும் படித்தோம்.

கம்போடியக் குடும்பங்களின் பிள்ளைகள் டாக்டரும் வக்கீலுமாகிவிட்டார்கள். மிங்கின் மகன் மருந்தியல் படித்தான். கடைகள் பல கைமாறுகின்றன, நம்மவர்களும் வாங்குகிறார்கள். ஃபிரிமாண்டிலிருந்தெல்லாம் இப்போது எனக்குப் போன் வருவது அவர்களிடமிருந்துதான். அவர்களுக்காகவே இதை எழுதினேன். லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நகராட்சியில் அந்த விலாசத்துக்கு என்ன அனுமதி இருக்கிறது, என்ன நேரம், என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கடை கடைசியாக என்று நடந்தது என்பதற்கு மின்சார ரசீது கேளுங்கள். கூரைக்கு ஏறி விசிறிகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். நள்ளிரவுக்கு மேல் ஒருமுறை பின் சந்தில் போய் நின்று, எந்த ஜன்னல் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அனுமதி கிடைத்த தேதியிலிருந்துதான் வாடகை ஓடும் என்று லீஸில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கட்டட உரிமையாளர் மறுத்தால் வேறு மூலை பாருங்கள்.